பிடி ஆடும் மெஷின்

தர்மபுரி
ஜனவரி 6, 2025

திரு. நவநீதன் அவர்களுக்கு,

விக்ரா மரம் அறுக்கும் மெஷின் இன்று மதியம் கடைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வத்தல்மலை பஸ் டிரைவர் தர்மன். நீங்கள் சொல்லி அனுப்பியதையும் அவரே சொன்னார்: "'பாய் கடையில வீசிட்டுப் போ'ன்னாருங்க. எனக்கெதுக்குங்க வம்பு, மெதுவா எறக்கி வெச்சிட்டேன்." ஆகவே பஸ்ஸில் புதிய சேதம் எதுவும் இல்லை.

மெஷினில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அதில் ஒரே சொல்: "ஆடுது." எது ஆடுகிறது, எப்போது ஆடுகிறது என்று இல்லை. போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மனைவி சசிகலாவின் போனிலும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதாகத் தெரிகிறது. பாஞ்சாலியம்மா மூலம் நீங்கள் சொல்லிவிட்டது மட்டும் கிடைத்தது: "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதினாத்தான் நாளைக்கு மாத்திப் பேச மாட்டான்." சரி, எழுதுகிறேன். போகிற வருகிற பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இது. உங்கள் மலைக் காப்பி விவசாயிகள் குழு, காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைக் கழிக்க மூன்று மெஷின் வாங்கப்போகிறது. தலைவர் பாஞ்சாலியம்மா கையெழுத்துப் போடுவார். ஆனால் எதை வாங்குவது என்பதில் மலையில் உங்கள் சொல்தான் கடைசிச் சொல். ஜெர்மன்காரன் செய்யும் ஹால்டனா, கோயம்புத்தூரில் பூட்டி வரும் விக்ராவா என்பது கேள்வி. விக்ராவுக்கு இந்த ஊர் டீலர் நான். இதை மறைக்கவில்லை. நீங்கள் பல வருடமாக ஹால்டன் ஓட்டுகிறீர்கள். அதனால்தான் ஒரு விக்ராவை ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்தேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் நீங்கள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைக் "கமிஷன் பாய்" என்றீர்கள். நானும் திருப்பிச் சொன்னேன். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சில்லை அது.

எனக்குத் தெரிந்தவரை ஒப்பீடு: இழுவையில் ஹால்டன் மேல். குளிரில் ஸ்டார்ட் ஆவதிலும் ஹால்டன் மேல். விக்ராவின் கார்புரேட்டரை மலைக்கு ஏற்றபடி ஒருமுறை திருத்தியாக வேண்டும். உதிரி பாகத்தில் விக்ரா மேல், ஏனென்றால் அது என் அலமாரியில் இருக்கிறது. ஹால்டனுக்குச் சேலம் போக வேண்டும்.

எது ஆடுகிறது என்று எழுதவும்.

ஜாவீத்


வத்தல்மலை
8.1.2025

ஜாவீத் பாய்க்கு,

"திரு" போட்டு எழுதியிருக்கிறாய். உன் கல்யாணப் பத்திரிகையில்கூட எனக்கு நீ "திரு" போட்டதில்லை. வியாபாரம் மரியாதையைக் கற்றுக்கொடுக்கிறது போல.

எது ஆடுகிறது என்றா கேட்கிறாய்? பிடி ஆடுகிறது. பிடி ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம். விழப்போகிற பால் பல் மாதிரி. ஹால்டனை மரத்தில் இறக்கினால் தோள்பட்டைவரை தெரியும், பல் கிட்டிக்கும். அதுதான் பவர். உன் விக்ரா மரத்தை அறுக்கிறதா, தடவிக் கொடுக்கிறதா என்றே கைக்குத் தெரியவில்லை. நானே கொஞ்சம் சரிசெய்து ஓட்டிப் பார்த்தேன், பிறகு பரவாயில்லை. ஆனால் புது மெஷினை நான் சரிசெய்துதான் ஓட்ட வேண்டும் என்றால் டீலர் எதற்கு, அலமாரி எதற்கு?

பாஞ்சாலியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஹால்டன்தான். ஆனால் அந்த அம்மா லேசில் விடுமா? "நவநீதா, நீ சொல்றது ஒரு காது, பாய் சொல்றது ஒரு காது. ரெண்டையும் கேட்டுட்டுத்தான் தலைய ஆட்டுவேன்" என்கிறது. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள் ஒழுங்காக ஒப்பிட்டு எழுது. கமிஷனை ஓரமாக வைத்துவிட்டு எழுது.

காப்பிப் பழம் பறித்து முடிகிறது. மரம் கழிக்கும் வேலை தலைக்கு மேல் நிற்கிறது. பிளைவுட் கம்பெனி லாரிக்காரன் தினமும் கேட்கிறான். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இந்த வருடம் பனி அதிகம். காலையில் விரல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிடுகிறது, பேனா நிற்க மாட்டேன் என்கிறது. மத்தியான வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலையில் எல்லோருக்கும் அப்படித்தான்.

நவநீதன்


தர்மபுரி
ஜனவரி 10, 2025

நவநீதன் அவர்களுக்கு,

விக்ராவை நேற்று பிரித்தேன். பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர்கள் ஒன்றுகூட இல்லை. அந்த இடங்களில் வேலங்கட்டைத் துண்டுகள் இருந்தன. அளவாகச் செதுக்கி, நடுவில் துளை போட்டு, போல்ட் விட்டு முறுக்கியிருக்கிறீர்கள். வேலை சுத்தம். கடையில் நின்றவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, "யாருங்க கடைஞ்சது?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த மெஷினை இனி கம்பெனி திருப்பி எடுக்காது.

பிடி ஆடுவது கோளாறு அல்ல. ஆடுவதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்ஜின் உதறும். அந்த உதறல் கைக்கு வராமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது ரப்பரின் வேலை. சில மெஷினில் ரப்பர், சிலதில் ஸ்பிரிங். கட்டை வைத்து முறுக்கினால் எல்லாம் நேராகக் கைக்கு வரும். ஓட்டிப் பார்க்க எடுத்துப் போகும்போதே இதைச் சொன்னேன். நீங்கள் லாரிக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

ஒழுங்காக ஒப்பிடச் சொன்னீர்கள். செய்தேன். ரப்பர் மாட்டிய விக்ராவையும் ஒரு ஹால்டனையும் பைபாஸ் ரோட்டு மர டிப்போவுக்கு எடுத்துப்போய், ஒரே புளிய மரத்துண்டில், ஒரே ஆளைக் கொண்டு அறுக்க வைத்தேன். செயின் இரண்டும் புதிது. ஹால்டன் முந்தியது. சந்தேகம் இல்லை. எவ்வளவு முந்தியது என்றால், ஓர் ஆள் பீடி பற்றவைக்கிற நேரம். நீங்கள் காட்டுகிற அளவுக்குச் சிங்கம், பூனை வித்தியாசம் இல்லை.

அந்த ஹால்டன் ஏரியூர் அருள்குமாருடையது. இரவல் கேட்டதும், "சும்மாத்தான் கெடக்குது, எடுத்துட்டுப் போங்க பாய்" என்று உடனே கொடுத்தார். மரம் அறுத்துப் பிழைப்பவரின் மெஷின் தை மாதம் நெருங்கும்போது ஏன் சும்மா கிடக்கிறது என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போகும்போது கேட்பேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அருள்குமாரின் ஹால்டனிலும் பிடி ஆடுகிறது. ஆடத்தான் வேண்டும், அதில் ஸ்பிரிங் இருக்கிறது. உங்களுடைய ஹால்டன் மட்டும் ஏன் ஆடவில்லை?

ஜாவீத்


வத்தல்மலை
போகி, 13.1.2025

ஜாவீத்,

துப்பறிகிறாயா? ஆடவில்லை, ஏனென்றால் ஆட விடவில்லை.

போன வருடம் ஸ்பிரிங் முறிந்தது. சேலம் டீலரிடம் போனேன். "ஆர்டர் போட்டிருக்குங்க சார், அடுத்த வாரம் வாங்க" என்றான். அடுத்த வாரம் போனேன். ஏ.சி.யில் உட்கார வைத்து காப்பி கொடுத்தான். ஸ்பிரிங் கொடுக்கவில்லை. இங்கே மரத்துக்கு ஆள் நிற்கிறது, லாரி நிற்கிறது. திரும்பி வந்து வேலங்கட்டையைச் செதுக்கிப் போட்டேன். அன்றிலிருந்து மெஷின் பாறை. பிறகு ஸ்பிரிங்கை நான் கேட்கவும் இல்லை, அவன் கூப்பிடவும் இல்லை.

இப்போது சொல், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மரம் விழுகிறதா இல்லையா?

நாளைக்குப் பொங்கல். பழைய செயின் ஒன்றைத் தர்மனிடம் கொடுத்திருக்கிறேன், சாணை பிடித்து அனுப்பு. வேண்டாம் என்றால் சும்மாவே திருப்பி அனுப்பு. அரூரில் ஆள் இருக்கிறான்.

நவநீதன்


தர்மபுரி
ஜனவரி 17, 2025

நவநீதா,

"நீங்கள்" போதும்.

நேற்று ஏரியூர் போய் அருள்குமாரிடம் மெஷினைக் கொடுத்தேன். நான் கண்ணால் பார்த்தது, அவர் சொன்னது, எனக்குத் தெரியாதது, மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறேன். கலந்துவிட்டால் மறுபடியும் கமிஷன் என்பாய்.

பார்த்தது: டீக்கடையில் அவர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். சில்லறையை மேஜையிலிருந்து எடுக்க வரவில்லை. மேஜை விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்து சட்டைப் பையில் விழவைத்தார். கடைக்காரர் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொன்னது: "மொதல்ல பனின்னுதான் பாய் நெனச்சேன். காத்தால வெரல் நுனி வெளுக்கும். அடுப்புக் கிட்ட காட்டுனா சரியாப் போவும். அப்பறம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்பறம் எறும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப வூட்ல எம்புள்ளைக்குத் தலை சீவி வுட முடியல." முன்பு பல வருடம் அவர் ஓட்டியது தேய்ந்த ரப்பரோடு ஒரு பெயரில்லாத மெஷின். நல்ல ஹால்டனை வாங்கும்போது கை போய்விட்டிருந்தது. டாக்டர் அவரிடம் சொன்ன காரணம், உதறல். விரலுக்குப் போகும் ரத்தக் குழாயும் நரம்பும் அதில் கெடுமாம். பனி காரணம் இல்லை. பனி அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தெரியாதது: உன் கை எந்த நிலையில் இருக்கிறது என்பது. ஆனால் நீ எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தர்மனிடமும் கேட்டேன். அவர் சொன்னார்: "அண்ணன் இப்பல்லாம் டிக்கெட்டுக்குக் காசு எடுக்கறதில்லீங்க. அக்காதான் அவர் பையில கைய வுட்டு எடுத்துக் குடுக்குறாங்க. நாங்கூட 'என்னண்ணே, புதுமாப்பிள்ளையா'ன்னு கிண்டல் பண்ணேன்."

கைக்குத் தெரிந்தால்தான் பவர் என்று எழுதினாயே. தோள்வரை வந்தது பவர் இல்லை நவநீதா. மரத்துக்குப் போவது பவர். உன் கைக்கு வந்ததெல்லாம் மெஷின் வீணாக்கியது.

சட்டைப் பொத்தானை நீயே போடுகிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. செயினைச் சாணை பிடித்துவிட்டேன், ஆனால் அனுப்பப்போவதில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

ஜாவீத்


வத்தல்மலை
21.1.2025

ஜாவீத்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சனிக்கிழமை வேண்டுமென்றே வேலைக்குப் போனேன். இருந்த பழைய செயினை மாட்டிக்கொண்டு, பாஞ்சாலியம்மா தோட்டத்துக்கு. நீ சொன்னாய் என்பதற்காக ஒருவன் வீட்டில் உட்கார முடியுமா? அறுக்கவும் அறுத்தேன். மரம் நான் காட்டிய பக்கம்தான் விழுந்தது.

மெஷினை நிறுத்தி, இடது கையில் தாங்கிப் பிடித்தபடி அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹால்டன்தான் வாங்க வேண்டும் என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மூக்கைச் சுளித்தது. "எதுடா பொசுங்கற வாசம்?" என்றது. கொம்பு பொறுக்கிக்கொண்டிருந்த சசிகலா நிமிர்ந்து பார்த்தாள். சுமையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"கைய எடுங்க! ஏங்க, கைய எடுங்கன்றேன்!"

"எந்தக் கை?" என்று நான் கேட்டேன்.

அதற்குள் அவளே பிடித்து இழுத்துவிட்டாள். சுண்டு விரலும் பக்கத்து விரலும் சைலன்சர் மேல் இருந்திருக்கின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. ஜாவீத், எனக்கு வலிக்கவில்லை. அவள் அழுதாள். நான் அந்த விரலை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாஞ்சாலியம்மா தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிவிட்டு, "மெசினுக்கு ஸ்பிரிங்கு வாங்கறது இருக்கட்டும். மொதல்ல உனக்கு வாங்கணும்டா" என்றது. அங்கிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், கேட்பதற்கே நன்றாக இல்லை.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. தீபாவளியிலிருந்து சசிகலாதான் போட்டுவிடுகிறாள். வெளியே தெரியாமல் இருக்க அவளை மிரட்டி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. போன தடவை எழுதியதும் அவள்தான். நீ கண்டுபிடித்திருப்பாய், கேட்கவில்லை.

ஹால்டனைத் தர்மனிடம் கொடுத்திருக்கிறேன். வேலங்கட்டைகளைக் கழற்றிவிட்டேன், அதாவது நான் சொல்ல அவள் கழற்றினாள். அடுப்பில் போடச் சொன்னேன். போட மாட்டேன் என்கிறாள், கூட்டத்தில் காட்ட வேண்டுமாம்.

என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். மரமெல்லாம் நிற்கிறது. மரம் அறுக்காமல் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

நவநீதன்

(பாய், நான் சசிகலா. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. ராத்திரியெல்லாம் விரலை நெருப்புக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.)


தர்மபுரி
ஜனவரி 24, 2025

நவநீதா,

மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை காலைக்கு இடம் கிடைத்துவிட்டது. நேரில் போய்ப் பதிந்தேன். நரம்புச் சோதனை, விரலுக்கு ரத்தம் போகிறதா என்ற சோதனை, இரண்டும் அன்றே. முதல் பஸ்ஸில் இறங்கு. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். கை சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அருள்குமாருக்கு ஆகவில்லை. ஆனால் அவர் எறும்பும் நின்ற பிறகுதான் போனார். உனக்கு எறும்பு இருக்கிறதா என்பதைச் சசிகலாவிடம் சொல்லி வை, டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இனி கூட்டத்துக்கு. கீழே உள்ளதைப் பாஞ்சாலியம்மாவிடம் படித்துக் காட்டச் சொல்.

இழுவை வேண்டும், ஏதாவது உடைந்தால் காத்திருக்க முடியும் என்றால் ஹால்டன். விக்ராவை விற்கிற நானே சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, உடைந்த அன்றே ஓட வேண்டும் என்றால் விக்ரா. ஆனால் பனிக்காலத்தில் காலையில் அது சண்டித்தனம் செய்யும், செயின் ஆயிலும் லேசாகக் கசியும். இரண்டையும் வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. எந்த மெஷினாக இருந்தாலும், ரப்பரும் ஸ்பிரிங்கும் தேயும் பொருள். செயின் மாதிரி, பிளக் மாதிரி. அவை முறிந்த பிறகு மெஷின் ஓடும். நிற்காது. அதுதான் ஆபத்து. செயின் அறுந்தால் வேலை நின்றுவிடும், அதனால் எல்லோரும் உடனே வாங்குகிறார்கள். ஸ்பிரிங் முறிந்தால் ஆள்தான் நிற்பான், அதுவும் பல வருடம் கழித்து. ஆகவே டீலரிடம் மெஷின் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஸ்பிரிங் உன் கடையில் இப்போது இருக்கிறதா? கையில் எடுத்துக் காட்டு."

உன் ஹால்டனுக்கான ஸ்பிரிங்கைச் சேலம் டீலரிடம் நானே கேட்டேன். புதன்கிழமை வரும் என்றார். அவர் சொன்னது இது. வந்தது என்று நான் சொல்லவில்லை.

ஜாவீத்

சசிகலா, செவ்வாய்க்கிழமை அவருக்குப் பனியன் மாட்டி அனுப்பு. பொத்தான் வேண்டாம். கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.


வத்தல்மலை
23.2.2025

ஜாவீத்,

இது என் கை எழுத்து. இந்த ஒரு பக்கத்துக்கு நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நானும் உன் பாணியில் தெரிந்தது, தெரியாதது என்று செய்தியாகப் பிரித்து எழுதுகிறேன்.

உறுதியான செய்தி: இன்று காலை சட்டையின் மேல் பொத்தானை நானே போட்டேன். ஆதாரம்: சசிகலா, பக்கத்தில் நின்று பார்த்தவள். உதவ வந்தாள், "தள்ளிப் போடி" என்றேன். சிரித்துக்கொண்டே தள்ளி நின்றாள், ஆனால் இரண்டு கையையும் பொத்தானுக்கு நேராகவே நீட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த செய்தி: கூட்டத்தில் வேலங்கட்டைகள் கை மாறிப் போயின. எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் எழுந்து, "நாங்களும் இதேதாங்க போட்டிருக்கோம்" என்றார்கள். அதில் ஒருவர் என்னிடம் கற்றுக்கொண்டவர், அளவுகூட நான் சொன்னது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாஞ்சாலியம்மா மேஜையைத் தட்டி, "எந்த டீலரு ஸ்பிரிங்கு, ரப்பரு எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு, மலை மேல எங்க வூட்லயே வெக்கறானோ, அவங்கிட்டத்தான் மெசினு. ஜெர்மனோ, கோயமுத்தூரோ, எனக்கென்ன?" என்றது. உன் பெட்டி வந்துவிட்டது. நீ தர்மனிடம் கொடுத்து அனுப்பிய அன்றே அந்த அம்மா அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டது. சேலத்துக்காரன் யோசித்துச் சொல்கிறேன் என்றானாம், அவன் பதிலையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்தாம். ஹால்டன் ஸ்பிரிங் நீ சொன்ன புதன் வரவில்லை, அடுத்த புதனும் வரவில்லை, போன வாரம் வந்தது.

இப்போதைக்கு நீ திருப்பி அனுப்பிய அந்த விக்ராவை ரப்பரோடு ஓட்டுகிறார்கள். கீழே கிடக்கும் கட்டைகளை சசிகலாவும் அறுக்கிறாள். "இது ஆட்டம் இல்லைங்க, தூளி மாதிரி இருக்குது" என்கிறாள். நான் தள்ளி நின்று எந்தப் பக்கம் சாயும் என்று சொல்கிறேன். முதல் நாள் அது பெரிய அவமானமாக இருந்தது. கை துறுதுறுக்கும், பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன். இன்னும் துறுதுறுக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். "துறுதுறுக்குதா? நல்லதுங்க, துறுதுறுக்கட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், நீதான் கூப்பிடவில்லை. பரவாயில்லை, எழுதியே அனுப்பு. பேனா பிடிக்க டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

நிலுவையில் உள்ளவை. சேலத்துக்காரன் பதில்: மார்ச் முதல் வாரத்தில் என்கிறான், நம்பிக்கை இல்லை. என் சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும்: புண் ஆறிவிட்டது, உணர்ச்சி வரவில்லை, ஏப்ரலில் மறுபடியும் சோதனை, வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார், இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். இரண்டாவது பொத்தான்: நாளை காலை.

நவநீதன்